தார்ப்பாய் கட்டாத லாரி

குற்றாலத்துச் சாரல்தான் இலஞ்சி வரை இறங்கிவிட்டது என்று நம்பி, செங்கோட்டைப் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டினேன். வாய் நிறையக் கல்தூசி. இரண்டு இருமலில் நுரையீரல் போயிற்று என முடிவுகட்டி, சொத்தை யாருக்கு எழுதலாம் என்று யோசித்தேன். சொத்தே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பின்னிருக்கையில் யாரோ ஒரு நாத்தனாரும் அவளுடைய அண்ணன் மனைவியான மயினியும். மயினியின் மடியில் மூச்சு இழுக்கும் அவள் மகள்.

"முன்னால எந்தப் படுபாவி மயினி, கல்லுப்பொடிய மூடாமக் கொண்டு போவுதான்?"

"வையாதட்டி. வண்டியப் பாரு, உங்க அண்ணன்தான்."

"தார்ப்பாயக் கட்டுனா என்னவாம்?"

"கட்டிக்கிட்டு நின்னா ஒரு நடை குறைஞ்சிரும்ங்காரு. இவ மருந்துக்குத்தான் அந்த நடையே ஓட்டுதாரு."

நாத்தனார் ஜன்னலைச் சாத்தினாள். பேருந்து லாரியை முந்தியபோது, மூடிய கண்ணாடி வழியே சிறுமி இருமிக்கொண்டே அப்பாவுக்குக் கையாட்டினாள். அவர் சிரித்து ஹாரன் அடித்தார்.