தங்கையின் காதுக்கு மட்டும்

எங்கள் குடியிருப்பில் யார் மாடிப்படி ஏறினாலும் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். மூன்றாம் மாடி அம்மாள் மருமகளோடு சண்டை போட்ட அன்று குதிகால் பலமாக விழும். எதிர்வீட்டுக்காரருக்கு வேலை போனது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும். மனிதர் படி ஏறிய லட்சணம் அப்படி. நாற்பத்தாறு வயதில் உங்கள் ஒலிப்பதிவு வகுப்பில் வந்து சேர்ந்தபோது சிரித்தீர்கள், சார். ஒரு மாதத்தில் சிரிப்பை நிறுத்திக்கொண்டீர்கள்.

நீங்கள் இரவல் தந்த ஒலி மிக்சர் திரும்பி வந்ததும், அதில் கச்சேரிவாரியாக நான் சேமித்து வைத்திருந்த அளவுகளைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். "இது என்னம்மா?" என்று ஒரே வரி அனுப்பினீர்கள். சொல்கிறேன்.

என் தங்கை பாடகி. அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான். இசைக்குழுவில் அவள் பாடுவாள். நான் மேடையோரம் உட்கார்ந்து, அவள் காதில் செருகியிருக்கும் இயர்போனுக்கு ஒலி அனுப்புவேன். கூட்டத்துக்குப் போவது வேறு, அவள் காதுக்குப் போவது வேறு. அவள் கேட்பதை அவளையும் என்னையும் தவிர யாரும் கேட்க முடியாது. "பாடுறவங்க உங்களைக் கண்ணை மூடிக்கிட்டு நம்புவாங்க, அந்த நம்பிக்கைதாம்மா இந்த வேலை" என்றீர்கள். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

ஒரு கச்சேரிக்கு முன்னால் அவள் கன்னத்தோரம் மைக்கை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அரங்குக்குப் போகாமல் அடைத்திருந்ததால், அது என் ஹெட்போனுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் கடமை. அரை மணி நேரம் பார்த்தேன்.

"டூருக்கு அக்கா வேண்டாம்" என்றாள் கிட்டார்க்காரனிடம். "வேற ஆள் பாரு. நான் தனியா வீடும் பார்த்துட்டேன்."

"பாவம், உன்னை வளர்த்தவங்க."

"நீ அவகூடக் குடியிருந்து பாரு. வீட்ல நான் தும்மினா மூணாம் மாடிக்கு மாத்திரை பேரு தெரிஞ்சிருக்கு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். நல்ல மைக், சிரிப்பு தெளிவாகக் கேட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு உலகம் தெரியாது. டூருக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. அவள் மனசு மாறும்வரை கொஞ்சம் தள்ளிப்போனால் போதும் என்று பட்டது.

வகுப்பில் நீங்கள் காட்டிய வேடிக்கை நினைவிருக்கும். ஓயாமல் பேசுகிற அந்தக் கல்யாண வீடியோக்காரருக்கு ஹெட்போன் மாட்டி, அவர் குரலையே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமாக அவருக்குக் கேட்கவைத்தீர்கள். சொந்த விலாசத்தைச் சொல்ல முடியாமல் குழறினார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நான் அந்தத் தாமத அளவைக் குறித்துக்கொண்டேன்.

முதலில் ஒரே பாட்டில், இரண்டு வரிக்கு மட்டும் அவள் காதில் அந்தத் தாமதத்தை வைத்தேன். இடைவேளையில் ஓடி வந்தாள். "அக்கா, என் குரல் எனக்குப் பின்னாலேயே இன்னொரு தடவை வருது."

தாமதத்தை எடுத்துவிட்டு, இயர்போனையும் மைக்கையும் கிட்டார்க்காரனிடம் கொடுத்துப் பேசிப் பார்க்கச் சொன்னேன். "எனக்கு ஒழுங்காத்தானே கேக்குது" என்றான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஓடிப்போய் ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாக, சார். அடுத்த கச்சேரியில் நான்கு வரி.

ஸ்டுடியோவிலும் அவள் ஹெட்போன் என் பொறுப்புதான். ஒரே பல்லவியை முப்பத்தொரு தடவை பாடினாள். பிறகு போட்டுக் காட்டினோம். பதிவில் இரண்டாவது குரல் எதுவும் இல்லை. குழறல் மட்டும் அப்படியே இருந்தது. "அப்போ என் மூளையிலதான் ஏதோ ஆயிடுச்சு" என்றாள் மெதுவாக. டாக்டரைப் பார்த்துவிடலாம் என்றேன். டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். காதில் ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள் என்றார். திரும்பும் வழி முழுக்க அவள் என் கையை விடவில்லை.

இன்னும் சில கச்சேரிகளில் அவளைப் பாடவைத்துப் பார்த்துவிட்டு, குழு வேறு பாடகியோடு டூர் போய்விட்டது. பார்த்து வைத்த வீட்டையும் இவள் வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது பேச்சே நின்றுநின்றுதான் வருகிறது. ஒவ்வொரு வார்த்தைக்கும் பிறகு எதற்கோ காத்திருக்கிறாள். நேற்று போனில் யாரோ பேர் கேட்டார்கள். முதல் எழுத்தோடு நின்றவள், போனை என்னிடம் நீட்டினாள். அவள் பேரை நான்தான் சொன்னேன்.

செய்தது நான். மறைக்கவில்லை. ஆனால் திறந்து பார்த்தவர் முழுக்கப் பார்த்திருக்கலாம். கடைசி மூன்று கச்சேரிக்குச் சேமித்ததைப் பாருங்கள், தாமதம் பூஜ்யம் என்று இருக்கும். மனசு கேட்காமல் நானே எடுத்துவிட்டேன். அப்போதும் அவள் குழறினாள். அந்த மூன்றையும் என் தலையில் கட்டாதீர்கள், சார்.