சீனிக்கு மூணு வேளை

அனுசியா: ...போன ஸ்பீக்கர்ல போட்டீகளா? சீனி அடிவயித்துல எலுமிச்சம்பழம் கணக்கா தட்டுப்படுதா?

கருத்தப்பாண்டி: தட்டுப்படுது.

அனுசியா: பைய அமுக்குங்க. நகம் பட்டுறாம... மூத்திரம் வருதா?

கருத்தப்பாண்டி: வருது வருது. என் கைலியெல்லாம் நனைஞ்சு போச்சு.

அனுசியா: நனையட்டும். பூனை முதுகுல வண்டிய விட்டவரு கைலிதான.

கருத்தப்பாண்டி: ஏட்டி... ரிவர்ஸ் எடுக்கையில லேசா இடிச்சுருச்சு.

அனுசியா: பால்கோவா கடைக்குப் பால் கேன் ஏத்துத வண்டி. கீழ சிந்துனத நக்கிக்கிட்டு கெடக்கும், குனிஞ்சு பாத்துட்டு எடுங்கன்னு எம்புட்டு நாள் சொன்னேன்?

கருத்தப்பாண்டி: சொன்ன.

அனுசியா: இடிச்சதக்கூட விடுங்க. நாய் கடிச்சுருச்சுன்னு எங்கிட்டயே பொய் சொன்னீக பாருங்க...

கருத்தப்பாண்டி: அதுக்காக ராஜபாளையத்துல உங்கண்ணன் வீட்டுல போயி உக்காந்துக்கிட்டு, இருபத்தஞ்சு நாளா...

அனுசியா: பேச்ச மாத்தாதீக. பின்னங்கால் வெரலக் கிள்ளிப் பாத்தீகளா? வலிச்சா நரம்புல உசிர் இருக்கு, நடந்துரும்னு மாட்டு டாக்டர் சொன்னாருல்ல?

கருத்தப்பாண்டி: கிள்ளுனேன்.

அனுசியா: திரும்பிப் பாத்துச்சா?

கருத்தப்பாண்டி: ...இல்ல.

அனுசியா: கத்தலையா?

கருத்தப்பாண்டி: இல்லங்கேன்ல. நீ வந்து பாரேன். வில்லிபுத்தூருக்கு பஸ்ஸா இல்ல? உன் கை பட்டாத்தான் சரியாகும்.

அனுசியா: சீனிக்கா, உங்களுக்கா?

கருத்தப்பாண்டி: வீடே வெறிச்சுன்னு கெடக்கு. காலையில ரெண்டு டம்ளர்ல டீய ஊத்திட்டு முழிச்சுக்கிட்டு நிக்கேன்.

அனுசியா: மத்தியானம் மறக்காம கூப்பிடுங்க. அதுவா போக முடியாதுல்ல, அமுக்கி எடுக்கலன்னா மூத்திரம் கட்டி வயிறு கல்லு கணக்கா வீங்கிரும்.

கருத்தப்பாண்டி: கூப்பிட மாட்டேன், அனுசியா.

அனுசியா: ஏன்?

கருத்தப்பாண்டி: திரும்பவும் பொய் சொல்லிட்டேன். வெரலத் தொட்டா பிறாண்டுது. அஞ்சு நாளா அதுவே மண்ணத் தோண்டி ஒண்ணுக்கு இருந்துட்டு வருது. கைலியும் நனையல, ஒண்ணும் நனையல.

அனுசியா: ...தெரியும்.

கருத்தப்பாண்டி: தெரியுமா?

அனுசியா: பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி வீடியோ அனுப்புனா. இடுப்ப ஆட்டி ஆட்டி நடந்து வந்து, கேன் மூடிய நக்கிக்கிட்டு நிக்குது.

கருத்தப்பாண்டி: அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டா மூணு வேளையும் போன எடுத்து எலுமிச்சம்பழம், எலுமிச்சம்பழம்னு சொல்லிக்குடுத்த?

அனுசியா: சீனி நடந்துருச்சுன்னு ஆயிட்டா... பொறவு என்னத்தச் சொல்லி என்னயக் கூப்பிடுவீக?