திமிங்கலத்துக்குச் சாட்சி

— பென்சிலைக் கையில வச்சுக்கிட்டு என்ன யோசனை சார்? எழுதுங்க. படகுக்குள்ள தண்ணி ஏறுது.

— முதல்ல அந்தத் தபால் புறாவைக் கொடு, கிலிஸ்.

— நாம எந்த இடத்துல மிதக்கிறோம்னு எழுதுங்க, தர்றேன். அது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். வரைபடம் பார்த்த பெல்லமி விமானத்தோடயே முங்கிட்டான்.

— எழுதுறேன். அதுக்கு மேல ஒரு வரி வரும். ஜெர்மன் நீர்மூழ்கி ஒண்ணை மூழ்கடிச்சோம்னு. கீழ நீ சாட்சிக் கையெழுத்துப் போடணும், புரியுதா?

— நீர்மூழ்கியா? முன்னால துப்பாக்கியோட உட்கார்ந்திருந்தவன் நான். அது தண்ணியைப் பீச்சி அடிச்சதை இந்தக் கண்ணால பார்த்தேன். திமிங்கலம் சார், திமிங்கலம் சார்னு தொண்டை கிழியக் கத்தினேன்.

— இன்ஜின் சத்தத்துல கேட்கலை.

— கேட்காமயா வாயை மூடுன்னு பதில் சொன்னீங்க?

— ரெண்டு வருஷமா இந்தக் கடல் மேல ரோந்து சுத்துறோம். ஒரு நீர்மூழ்கி சிக்கலை. பக்கத்து விமானப்படை ஸ்குவாட்ரன்காரன் நம்மளப் பார்த்து இன்னைக்கு எத்தனை மீன்னு கேட்கிறான். நாளைக்கு நம்ம ஸ்குவாட்ரன் சரித்திரத்தை எவனாவது எழுதினா என்ன எழுதுவான்? போனாங்க, டீ குடிச்சாங்க, திரும்பி வந்தாங்கன்னு எழுதுவான்.

— இப்ப திரும்பியும் வரலையே. அவ்வளவு தாழ இறக்கினீங்க, நம்ம குண்டு வெடிச்சு நம்ம வாலே பிஞ்சு போச்சு.

— அஞ்சு பேர் போயிட்டாங்க. பெல்லமியோட அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்ல? உன் மகன் திமிங்கலத்துக்காகச் செத்தான்னா?

— செத்தவன் பேரை ஏன் இழுக்கிறீங்க? மெடலை உங்க மார்லதான குத்துவாங்க.

— மரியாதையாப் பேசு. நான் உன் அதிகாரி.

— இந்த ரப்பர் படகுல என்ன அதிகாரி? என் மூத்திரத்துலதான் நீயும் உட்கார்ந்திருக்க.

— கரைக்குப் போனதும் உன்னை ராணுவக் கோர்ட்டுல நிறுத்துறேன், புரியுதா?

— கரைக்குப் போகணும்னு ஆசை இருக்கா? அப்ப இடத்தை எழுது. இல்லைன்னா இந்தப் புறா கழுத்தைத் திருகிப் பச்சையாத் தின்னுடுவேன். ரெண்டு பேரும் இங்கேயே ஊறிக் கிடப்போம்.

— தின்னு. புறாவாம், கூடையாம், பீயாம். போன வாரம் ஷெட்லாந்துத் தளத்தைக் காலி பண்ணிட்டு அயர்லாந்துக்கு வந்தப்பவே எல்லாத்தையும் கடல்ல வீசியிருக்கணும். காலி பண்ற வேலை பூரா என் தலையிலதான் விழுந்துச்சு. கடைசிக் குப்பை வரைக்கும் நான்தான் ஒழிச்சுக் கட்டினேன்.

— வீசியிருந்தா இப்ப எதை அனுப்புவ? உன் தொப்பியையா?

— அலை பெரிசாகுது, கிலிஸ். கையெழுத்துப் போடு.

— கொண்டா. கை விறைக்குது, அதனால போடுறேன். கரையேறின அன்னைக்கே எல்லார் முன்னாலயும் திமிங்கலம்னு சொல்வேன்.

— சொல்லு. யாரு நம்புறாங்கன்னு பார்ப்போம். இந்தா, நாம இருக்கிற இடமும் எழுதியாச்சு.

— சீட்டைச் சுருட்டிப் புறா கால்ல கட்டின குழாய்க்குள்ள விடு. இறுக்காத, அதுக்கும் உசுரு இருக்கு. அவ்வளவுதான். போ கண்ணு. நல்லாப் போ.

— கிலிஸ், அது ஏன் வடக்கால போகுது? அயர்லாந்து தெற்கே இல்ல இருக்கு?

— ஷெட்லாந்துல பொறந்த புறாய்யா அது. ஒரு வாரத்துல அயர்லாந்தைப் பழகிடுமா? பொறந்த கூட்டுக்குத்தான் போகும். பயப்படாத. இந்த மாதிரி வழி மாறி வர்ற புறாவைப் பார்த்துக்கத்தான் புறாக்காரன் டாகர்ட்டை அங்கேயே விட்டுட்டு வந்தோம். சீட்டைப் பிரிச்ச உடனே மீட்புக் கப்பலுக்குச் சொல்லிடுவான்.

— நேத்து அவனுக்குத் தந்தி அடிச்சேன். கூட்டைக் கொளுத்திட்டு முதல் கப்பல்ல கிளம்பி வான்னு.