வீபேயின் தனி அறை விதி

ரூலின்: ப்ரோக்ராமை இன்னொரு தடவை ஓட்டிப் பாரு, வீபே.

வீபே: ஆறு தடவை ஓட்டியாச்சு. ஆறு தடவையும் சிவப்பு சிவப்பா எரர்தான். பத்து மணிக்கு நீர்வாரியத் தலைவர் வந்துடுவாரு...

ரூலின்: வரட்டுமே.

வீபே: எந்த பம்பை எப்போ போடணும்னு நம்ம ப்ரோக்ராம் சொல்றதை அவர் கண்ணால பார்க்கணுமாம். இல்லேன்னா ப்ராஜெக்ட்டை இந்த மாசத்தோட நிறுத்திடலாம்ங்கறார். நம்ம ரெண்டு வருஷ உழைப்பு, ரூலின்.

ரூலின்: நேத்து ஓடிச்சே! காலையில என்ன பண்ணே?

வீபே: ஒண்ணும் பண்ணலை.

ரூலின்: வீபே...

வீபே: ப்ரோக்ராமுக்குள்ள சேர்த்துக்கற ரெடிமேட் கோடு இருக்கே, அதுல ஒரே ஒரு லைப்ரரியை புதுசாக்கினேன். அதுவும் பம்புக்காக இல்லை... என் ஸ்கேட்டிங் நேரத்தைப் படமா போட்டுப் பார்க்க.

ரூலின்: அது ஸ்கேட்டிங்குக்குன்னு ஒதுக்கின என்விரான்மென்ட்ல, அதோட தனி இடத்துல, தானே இருக்கும். பம்புக்குத் தனியா ஒண்ணு இருக்குமே. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? காபி மெஷின் பக்கத்துல விதிப் பட்டியல் ஒட்டியிருக்கே, 'ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி அறை, ஒண்ணோட சாமான் இன்னொண்ணுல கலக்கக் கூடாது'ன்னு. அதை எழுதினது யாரு?

வீபே: நான்தான். லேமினேட் பண்ணினதும் நான்தான்.

ரூலின்: அப்போ...

வீபே: என் கம்ப்யூட்டர்ல அறையே கிடையாது. எல்லாம் ஒரே கூடத்துல கிடக்கு. பம்பு, ஸ்கேட்டிங், சின்டர்கிளாஸ் பண்டிகைப் பாட்டுக்கு எதுகை தேடற ப்ரோக்ராம் ஒண்ணு...

ரூலின்: அடப்பாவி! இதே தப்புக்குத்தானே போன மாசம் மீட்டிங்ல நம்ம கூட வேலை பார்க்கற சூர்டை அந்த வாங்கு வாங்கினே?

வீபே: முக்கால் மணி நேரம். போர்டுல படம் வேற வரைஞ்சேன். நினைச்சா வெட்கமா இருக்கு... சிரிச்சு முடிச்சிட்டியா?

ரூலின்: இன்னும் இல்லை. பழைய லைப்ரரிகளோட வெர்ஷன் நம்பரையெல்லாம் எழுதி வச்சிருக்கியா? இருந்தா அதையே திரும்பப் போட்டுடலாம்.

வீபே: எழுதி வைக்கணும்னு எழுதி வச்சிருக்கேன். அஞ்சாவது விதி.

ரூலின்: மணி ஒன்பது அம்பது. வா, என் கம்ப்யூட்டர்லயும் அதே ப்ரோக்ராம் இருக்கு... இந்தா, ஓட்டறேன்... பாரு!

வீபே: ஓடுது! பம்பெல்லாம் வரிசையா வருது! ரூலின், மானத்தைக் காப்பாத்திட்டே. இந்த ஆபீஸ்லயே என் விதியை மதிச்ச ஒரே ஆள் நீதான். தலைவர்கிட்ட சொல்லப் போறேன். உன் அறையை அவருக்குத் திறந்து காட்டு.

ரூலின்: ஐயோ, அது மட்டும் வேண்டாம்!

வீபே: ஏன்?

ரூலின்: என்கிட்டயும் அறை கிடையாது, வீபே. எப்படிப் போடறதுன்னே தெரியாது, உன்கிட்ட கேட்க வெட்கம். எதைத் தொட்டா எது உடையுமோன்னு பயந்து, சேர்ந்த நாள்லேர்ந்து எதையுமே புதுசாக்கலை... அதான் ஓடுது.