வால் மாறிய தேள்

— கடைசியா இருக்கற இந்தப் பெரிய புஸ்தகம் மட்டும் பழுதுங்க, பொன்னாத்தாக்கா. உள்ளதைச் சொல்றேன், வருத்தப்படக் கூடாது.

— பழுதா? கரையான் ஏறலீங்களே, கைலாசம் தம்பி. மாசத்துக்கு ஒருக்கா வேப்பந்தழை மாத்தி வெச்சேனே.

— கரையான் இல்லீங்க, அச்சே கோளாறு. வான உருண்டை செய்யறதுக்குன்னு நூறு வருசத்துக்கு முந்தி சீமையில போட்டது. நட்சத்திரப் படத்தையெல்லாம் எடம் வலம் மாத்திப் போட்டுட்டான்.

— எனக்கென்னங்க தெரியும். சித்த காட்டுங்க.

— இந்தாங்க, விருச்சிகம். தேளு மாதிரி இருக்குதா? ஆனி மாசம் பொழுது சாஞ்சதும் களத்துல தெக்கே பாத்து நின்னா, இதோட வாலு எந்தப் பக்கம் வளையும்?

— பீச்சாங்கைப் பக்கமுங்க.

— படத்துல?

— சோத்தாங்கைப் பக்கம் போகுதுங்க.

— அவ்வளவுதான். செங்கோட்டையண்ணன் இருக்கறப்பவே சொல்லியிருக்கணும். மனசு சங்கடப்படுவாரேன்னு விட்டுட்டேன்.

— நீங்களும் எங்கூட்டுக்காரரும் இருவது வருசமா ஒருத்தருக்கொருத்தர் போட்டி போட்டுப் பழைய புஸ்தகம் தேடினவங்க. ஆடியில அவரு போனதுக்கப்புறம் வேற யாருக்கும் நான் இந்தப் பொட்டியைத் தொறக்கலீங்க. நல்லாப் பாத்துத்தான் சொல்றீங்களா?

— உள்ளதைத்தான் சொல்றேன். மத்த பதினோரு புஸ்தகத்துக்கும் நீங்க கேக்கற வெலையைக் குடுத்துடறேன். இதைச் சும்மா மேல வெச்சுக் கட்டிக் குடுங்க. இங்கே கெடந்தா அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

— இன்னொருக்கா பாருங்க தம்பி. அவசரமில்லை.

— எத்தனை தரம் பாத்தாலும் அப்படித்தானுங்க்கா இருக்கும்.

— சரிங்க. கட்டறதுக்குக் கவுறு வேணும். அந்த மூலையில துணி போத்தின பானை இருக்குதுங்களே, அதுக்குப் பின்னால கெடக்கும். துணியை எடுத்துட்டுப் பாருங்க.

— இது... என்னங்க்கா இது? பானை முச்சூடும் நட்சத்திரப் படம்?

— இதே புஸ்தகம் அவருகிட்ட ரெண்டு இருந்துச்சு. ஒண்ணைக் கரையான் அரிச்சிருச்சு. தப்பிச்ச படத்தை வெட்டி, உருண்டைக்குப் பதிலா இந்தப் பானை மேல ஒட்டினோம். பசை காச்சினது நாந்தான். வாலு மாறியிருக்குதேன்னு நானுந்தான் கேட்டேன். "வானத்தை நாம உள்ளுக்குள்ள நின்னு அண்ணாந்து பாக்கறோம் புள்ள, உருண்டையை வெளியில நின்னு பாக்கறோம். மாறித்தான் இருக்கோணும்"னாரு.

— அக்கா...

— அதையே அவருக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானாமே?

— ஆமாங்க்கா. பழுதுன்னு தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். இருவது வருசமா இந்த ஒண்ணுக்குத்தான் அலைஞ்சேன். இதோட மதிப்பு தெரிஞ்சா எனக்குக் கட்டுப்படியாகாத வெலை சொல்லிடுவீங்களோன்னு பயம். ஆசை கண்ணை மறைச்சிருச்சு. எதுவும் வேண்டாம், நான் கெளம்பறேன்.

— உக்காருங்க. நீங்க வந்ததும் சொல்லிரலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க. கவுத்தை இப்படிக் குடுங்க, நானே கட்டறேன். பன்னெண்டையும் எடுத்துட்டுப் போங்க.

— எந்த முகத்தோட எடுத்துட்டுப் போறது?

— எனக்கென்னங்க தெரியும். "இந்த ஜில்லாவுல இதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளு கைலாசம் ஒருத்தன்தான், காசு வாங்காம அவன் கையில குடுத்துரு"ன்னு சொல்லிட்டுத்தானுங்க அவரு கண்ணை மூடினாரு.