கொக்கியில் இல்லாத கையுறை

“அந்தக் குளிர்பெட்டி என் பேர்ல வந்தது. ஒரு திருகாணி விடாம கழட்டி எடுத்துக்கிட்டுத்தான் போவேன்.”

“எடுத்துத்தான் பாரேன். இந்த வாசலைத் தாண்டி ஒரு நட்டுகூட வெளியே போகாது, சொல்லிட்டேன்.”

“என்ன பண்ணுவீங்க? வாசலை மறிச்சுப் படுத்துக்குவீங்களா?”

“படுத்துக்குவேன். அறுபத்தோரு வயசாச்சு. படுக்கறது ஒண்ணும் எனக்குச் சிரமமில்லை.”

காபி அறையில் எங்கள் இயக்குநர் ஆர்மாஸுக்கும் ஆய்வாளர் வென்லாவுக்கும் இந்தச் சத்தம் நடந்துகொண்டிருந்தபோது நான் ஏலக்காய் பன்னைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு துண்டு, எல்லாம் ஒரே அளவு. எங்கள் பக்கத்தில் குரலை உயர்த்திச் சண்டை போடுவது அபூர்வம். கோபம் வந்தால் சானா நீராவி அறையில் போய் உட்கார்ந்து வியர்த்துவிட்டு, மறுநாளிலிருந்து பேசாமல் இருந்துவிடுவார்கள். சிலர் அப்படியே ஓய்வு பெறும்வரை இருந்துவிடுவதும் உண்டு. ஆகவே நான் கதவை மெல்லச் சாத்தினேன். சாத்துவதற்கு முன் தாழ்வாரத்தில் யார் யார் நின்று கேட்கிறார்கள் என்றும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

நீங்கள் என்னை எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு ஆரம்பம் என்றால் அந்தக் காபி அறைதான்.

என் பெயர் ஓர்வோக்கி. கல்லியோலாஹ்தியின் தாழ்வெப்பக் குவாண்டம் ஆய்வு மையத்துக்கு இயக்குநர் ஆர்மாஸ். அதை நடத்தியது நான். ஹீலியத்துக்குச் சொல்லி வைப்பது, வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு வீடு பார்ப்பது, ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத இரண்டு பேராசிரியர்களைக் கூட்டத்தில் எதிரெதிர் மூலையில் உட்கார வைப்பது, எல்லாம் என் வேலை. உலகத்தில் இதற்குக் கீழே குளிரே கிடையாது என்று ஓர் எல்லை இருக்கிறதாம். அதற்கு நூறில் ஒரு பங்கு பாகை மேலே வரை அந்தக் குளிர்பெட்டியை வைத்து எங்கள் ஆட்கள் போய்த் தொடுவார்கள். அங்கே போனதும் பொருள்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பார்கள். எனக்கு அது புரிந்ததில்லை. ஆனால் அங்கே போய்விட்டு வந்த மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எவன் மனைவியோடு பேசுவதில்லை, எவள் வேறு ஊருக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், யாருடைய ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்தது, எல்லாமே இரண்டு மணிக் காபிக்கு முன்பே என்னிடம் வந்து சேர்ந்துவிடும்.

அன்றைக்கு மட்டும் அப்படி நடக்கவில்லை. வென்லா ஹாலந்துக்குப் போகிறாள், அங்கே யோரிட் என்று ஒருவன் இருக்கிறான், கோடைக்குள் கல்யாணம், ஆறு மாதமாகப் பேச்சு நடந்து எல்லாம் முடிவாகிவிட்டது. இவ்வளவும் எனக்குத் தெரியாது. சண்டையில் காதில் விழுந்துதான் தெரிந்துகொண்டேன்.

வென்லா கூஹ்மோக்காரி. ருஷ்ய எல்லைப் பக்கத்துக் காடு. இருபத்து மூன்று வயதில் ஒரு முதுகுப் பையோடு வந்து இறங்கினாள். அந்த முதல் குளிர்காலத்தில் என் வீட்டுச் சோபாவில்தான் தூங்கினாள். அவள் அப்பா இறந்தபோது அறுநூறு கிலோமீட்டர் பனியில் நான்தான் வண்டி ஓட்டினேன். வழி முழுக்க என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். மற்றவர்கள் எல்லாம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதுதான் எங்கள் வழக்கம். அவள் மட்டும் அத்தை என்பாள். எனக்குப் பிள்ளைகள் கிடையாது. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் காவல் நிலையக் கோப்பில் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்கிறேன்.

அவள் போனால் குளிர்பெட்டியும் போகும். பெட்டி போனால் வசந்தத்தில் வரும் மதிப்பீட்டுக் குழு எங்களை மூடிவிடும். ஆர்மாஸ் கத்தியதன் காரணம் அது. என் காரணமும் அதுதான் என்று பல வருடங்கள் நம்பி வந்தேன்.

சண்டை ஓய்ந்ததும் அவள் பாத்திரம் கழுவ என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கண்ணு,” என்றேன்.

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை. “உங்ககிட்டயா? நல்லா இருக்கே. உங்ககிட்ட சொன்னா மத்தியானக் காபிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். நீங்க மனசுல வச்சுக்கற ஆளா அத்தை?”

“நான் அப்படியா?”

“பின்ன? போன வருஷம் தௌனோவோட மூல வியாதியை டீன் வரைக்கும் கொண்டு போனது யாரு?”

எல்லாரும் சிரித்தார்கள். அங்கேயே உட்கார்ந்திருந்த தௌனோகூடச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டுத் துணியை மடித்து வைத்தேன்.

இனி நீங்கள் கேட்ட கையுறை விஷயம்.

கீழ்த்தளக் கூடத்தில் ஒரு குழி இருக்கிறது. குளிர்பெட்டியின் அடிப்பாகம் அதற்குள் தொங்கும். ஏணி வைத்து இறங்கித்தான் கம்பிகளைத் தொட முடியும். கூடத்துக்கு வெளியே சுவரில் ஒரு கொக்கி. உள்ளே போகிறவர் தன் கம்பளிக் கையுறை ஒன்றை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கையுறை இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, அளவீடு நடக்கிறது, எதையும் திறக்காதே, அசைக்காதே என்று அர்த்தம். பலகை மாட்டிப் பார்த்தோம், திருப்பிவிட மறந்துபோனார்கள். சிவப்பு விளக்குப் போட்டோம், அணைக்க மறந்துபோனார்கள். வெளியே இருபது பாகை உறைகுளிரில் ஒற்றைக் கையுறையோடு எவனும் வீட்டுக்குப் போக மாட்டான் அல்லவா. அதனால் கையுறை மட்டும் பொய் சொன்னதேயில்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான்தான் ஒரு ஜோடி பின்னிக் கொடுப்பேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைப்பாடு. கொக்கியைப் பார்த்தாலே உள்ளே யார் என்று தெரிந்துவிடும். வென்லாவுடையது சாம்பல் நிறத்தில் வெள்ளை முயல்.

தௌனோ எங்கள் இயந்திர ஆள். செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணிக்கு, கூடத்துக்கு வெளியே இருக்கும் திரவ நைட்ரஜன் குழாயைத் திறந்துவிட்டுக் காபிக்கு மேலே வருவான். கால் மணியில் கூடத்துக்குள் இருக்கும் தொட்டி நிரம்பும். அவன் காபியும் கால் மணியில் முடியும். இறங்கிப் போய் மூடுவான். இது விதிப்படி தப்பு என்று எல்லாருக்கும் தெரியும், முப்பது வருடமாகத் தெரியும். நிரம்பி வழிந்தால் அந்தக் குளிர்ந்த ஆவி தரையோடு ஊர்ந்து குழிக்குள் இறங்கி, அங்கிருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். வாசனை கிடையாது. உள்ளே இருப்பவருக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது என்பார்கள். அதற்காக ஆக்சிஜன் குறைந்தால் ஒலிக்கிற ஒரு மணி வைத்திருந்தோம். அது எதற்கெடுத்தாலும் அலறும். முந்தைய மாதம் வெளிநாட்டு விருந்தினர் வந்திருந்தபோது அலறக்கூடாது என்று நான்தான் தௌனோவிடம் சொல்லிப் பிடுங்கி வைக்கச் செய்தேன். அதைச் சரிபார்த்து மாட்டச் சொல்லி அவன் எழுதிக் கொடுத்த காகிதம் என் இழுப்பறையில் இருந்தது.

சண்டைக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை வென்லாவுக்குக் கடைசி அளவீடு. அது முடிந்தால் பெட்டியைச் சூடாக்கிக் கழற்ற ஆரம்பிப்பாள். அவள் எப்போதும் இரண்டு மணியைத் தேர்ந்தெடுப்பாள். எல்லாரும் காபிக்குப் போய்விட, கட்டடத்தில் ஒரு காலடிகூட இருக்காது, அவ்வளவு நிசப்தம் வேறு எந்த நேரத்திலும் கிடையாது என்பாள். தௌனோ கொக்கியில் முயலைப் பார்த்துவிட்டு, நைட்ரஜனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே வந்துவிடுவான்.

நான் இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கீழே போனேன். கையுறையின் கட்டைவிரலில் ஓட்டை விழுந்திருந்தது. தைத்துத் தரலாம் என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இதைத்தான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் இப்படிச் சொல்லிக்கொண்டேன்: கொக்கி காலியாக இருந்தால் தௌனோ குழாயைத் திறப்பான், அதிர்வில் அளவீடு கெடும், அவள் ஏணி ஏறி வந்து அவனை நன்றாகத் திட்டுவாள், மறுபடி எல்லாவற்றையும் செய்யக் கோடைவரை ஆகும், அதற்குள் மனசு மாறலாம். ஓர் அளவீடு கெட்டால் யாரும் சாக மாட்டார்கள்.

ஆனால் நான் கூடத்துக் கதவைத் திறந்தும் பார்த்தேன். குழி விளிம்பில் அவள் காலணிகள் ஜோடியாக இருந்தன. கம்பளிக் காலுறையோடுதான் இறங்குவாள். காதில் ஒலிப்பான் மாட்டிக் கருவியின் முனகலைக் கேட்டுக்கொண்டிருப்பாள், வெளிச் சத்தம் எதுவும் கேட்காது. கீழே அவள் தலை உச்சி தெரிந்தது. வகிடு கொஞ்சம் கோணல். கூப்பிடவில்லை. கதவைச் சாத்திவிட்டு மேலே வந்து காபி ஊற்றினேன்.

தௌனோ வந்து உட்கார்ந்தான். “நைட்ரஜன் ஓடுது,” என்றான், வழக்கம் போல. பிறகு சுற்றிப் பார்த்து, “எங்க நம்ம முயல்குட்டி?” என்று கேட்டான்.

“பல் டாக்டர்கிட்ட,” என்றேன்.

அதை யோசித்து வைத்திருக்கவில்லை. தானாக வந்தது.

கால் மணி ஆனதும் தௌனோ நாற்காலியைப் பின்னால் தள்ளினான். நான் அவன் தட்டில் இன்னொரு பன் வைத்தேன்.

“உட்காருப்பா. ஆர்மாஸ் இன்னைக்கு ஹெல்சிங்கியில மீட்டிங்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காரே, யாரோட மீட்டிங்னு தெரியுமா?”

“யாரோட?”

“டீனோட பழைய பொண்டாட்டி.”

“போ ஓர்வோக்கி. அந்த மனுஷன் சேர்ந்தாப்ல ரெண்டு வாக்கியம் பேச மாட்டாரு.”

“பேச எதுக்கு? ரெண்டு பேரும் டாங்கோ ஆடறாங்க. ஏரிக்கரை நடனக் கொட்டகையில. கன்னத்தோட கன்னம்.”

தௌனோ உட்கார்ந்தான். எல்லாருமே உட்கார்ந்தார்கள். அவர் என்ன சட்டை போட்டிருந்தார், அவள் எந்த வாசனைத் தைலம் பூசியிருந்தாள், யார் பார்த்தது, யாரிடம் சொன்னது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். முழுக்க நான் இட்டுக்கட்டியது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வேறெந்தக் கதையையும் சொன்னதில்லை. பின்னால் அந்த இருவரும் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள், நான் என்ன செய்ய. சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. நாற்பது நிமிடம் அவர்களைச் சிரிக்க வைத்தேன். ஏழாவது நிமிடம் வரை நான் நினைத்துக்கொண்டது அளவீட்டைத்தான். அதற்கப்புறம் நான் எதையும் நினைத்துக்கொள்ளவில்லை, எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

குழாயை மூடப் போய் அவளைத் தூக்கி வந்தது தௌனோ. தாழ்வாரத் தரையில் படுக்க வைத்து அவன் மூச்சு ஊதிக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் பிடித்து விலக்கும்வரை ஊதினான். அந்தக் கலவரத்தில் நான் அவள் மேலங்கிப் பைக்குள் கையுறையை வைத்தேன். ஓட்டையைத் தைக்க நேரமிருக்கவில்லை.

விசாரணையில், அவள் கையுறையை மாட்ட மறந்துவிட்டாள் என்று எழுதினார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் போனதற்காகத் தௌனோவுக்குத் தண்டனை கிடைத்தது. சிறை இல்லை, வேலை போயிற்று. மணி ஏன் பிடுங்கியிருந்தது என்று கேட்டபோது அவன் என்னைப் பார்த்தான். பிறகு, ஞாபகமில்லை என்றான். மூலத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னவளை எதற்காகக் காப்பாற்றினான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காலையில் அவள் எடுத்து வைத்திருந்த அளவீடுகளே போதுமாக இருந்தன. ஆர்மாஸ் அதைக் கட்டுரையாக எழுதி, அவள் பெயருக்குப் பக்கத்தில் இறந்தவர் என்று காட்டும் ஒரு சிலுவைக் குறி போட்டு வெளியிட்டார். குழு வந்தது. படித்தது. எங்களுக்கு இன்னும் ஆறு வருடம் கொடுத்தது.

இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். போன மாதம் தலைநகரத்தில் இருக்கும் ஒரு கூடத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுப்பதைப் பார்த்தேன். திரையில் வெறும் கொக்கியின் படம். “இந்தப் பொண்ணு மறந்துட்டா, நீங்க மறக்காதீங்க,” என்றான் ஓர் இளைஞன். பிள்ளைகள் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். அது தவறு. வென்லா எதையும் மறக்கிறவள் இல்லை. அப்பா இறந்த வாரத்திலும் என் பிறந்தநாளை மறக்காதவள். அவள் மாட்டினாள், நான் எடுத்தேன், அவள் உள்ளே இருப்பது தெரிந்து எடுத்தேன், அவள் சாகும்வரை பேசிக்கொண்டிருந்தேன். அதைத் திருத்தி எழுதுங்கள். எனக்கு என்ன கொடுப்பதானாலும் கொடுங்கள்.

மற்றவர்கள் எங்கே என்று கேட்டீர்கள். தௌனோ வடக்கே கெமியில் தங்கை வீட்டோடு போய்விட்டான். ஆர்மாஸ் புது மனைவியோடு ஸ்பெயினில் வெயில் காய்கிறார். யோரிட் மூன்றாவது வருடம் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், நல்ல பையன், எனக்கும் அட்டை அனுப்பினான். ஆறு வருடம் முடிந்ததும் மையத்தை ஹெல்சிங்கியோடு சேர்த்துவிட்டார்கள், பெட்டி உட்பட எல்லாம் லாரியில் போயிற்று. வென்லாவின் அம்மா அவளைக் கூஹ்மோவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யத்தான் ஆசைப்பட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகப் பேசினேன், பிள்ளை வளர்ந்தது இங்கேதான் என்று. கல்லறை சர்ச்சுக்குப் பின்னால், என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஞாயிறுதோறும் போய்ப் பனியைத் தள்ளிவிட்டு, ஊர்ச் செய்தியெல்லாம் சொல்லிவிட்டு வருகிறேன். இப்போதெல்லாம் அவள் என்னிடம் எதையும் மறைப்பதில்லை.