இறங்கி வரும் நான்கு ஸ்வரங்கள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவனை யாரும் வேலை பார்ப்பவன் என்று ஒத்துக்கொள்வதில்லை, சார். எங்கள் மாடியில் யாருக்குப் பார்சல் வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். எதிர்வீட்டம்மா வெளியூர் போனால் அவர் தொட்டிச் செடிகளுக்கு நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். "தம்பி வீட்ல சும்மாதானே இருக்கு" என்பார். அப்படிச் சும்மா இருந்த நேரத்தில்தான் நான் ஐந்து நாவல்கள் எழுதினேன்.

எழுதுவது மாயக்கதை. சோறு போடுவது இசை. விளம்பரங்களுக்கு வாசிப்பேன், ஒலிக்கதைகளுக்குப் பின்னணி போடுவேன். ஃபோனில் நம்மைக் காத்திருக்க வைக்கும்போது ஒரு இசை ஓடுமே, அதில் சிலது என்னுடையது. காலையில் ஒரு அரக்கனைக் கொல்ல வேண்டும், மத்தியானம் ஒரு மெத்தைக் கம்பெனிக்குத் தூக்கம் வருகிற மாதிரி மெட்டுப் போட வேண்டும். இரண்டுக்கும் ஒரே மேசை, ஒரே மண்டை. எழுத்தாளர்கள் கூடுகிற இடத்தில் என்னை மியூசிக்காரன் என்பார்கள். ஸ்டூடியோவில் "நம்ம ரைட்டர் வந்துட்டாருப்பா" என்று சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் எனக்கு வாசல்படிதான், உள்ளே இடமில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

அக்காவும் நானும்தான் அந்த வீட்டில் இருந்தோம். அம்மா அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவள் அவள். துணி திருத்திக் கொடுக்கிற வேலை. கால்சட்டையின் நீளம் குறைப்பாள், இடுப்பைப் பிரித்துத் தைப்பாள், ஜிப் மாற்றுவாள். என் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒரு சுவர். அவள் தையல் மெஷின் சத்தத்தில் என் ஒலிப்பதிவு கெடும். நான் சுவரைத் தட்டுவேன். மெஷின் நிற்கும். என்றைக்கும் அவள் முகம் சுளித்ததில்லை.

அந்த மெத்தைக் கம்பெனி மெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் தட்டாமலே மெஷின் நின்றது. தாழ்ந்த ஒரு ஸ்வரம் நீளமாக நிற்கும். அதன்மேல் நான்கு ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். நாலாவது மட்டும் கொஞ்சம் தயங்கி விழும். அவ்வளவுதான் அந்த மெட்டு. போய்ப் பார்த்தேன். அக்கா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. உதடு எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்தது. விரல்கள் மடியிலிருந்த துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தன. சின்ன வயதில் அவளுக்கு இப்படி வலிப்பு வருவதுண்டு, பிறகு நின்றுபோயிருந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்க எல்லாரும் நிழலைக் கழட்டிக் கொடியில காயப்போட்டிருக்காங்கடா" என்றாள். "ஈரம் சொட்டுது. காயறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணுமாம்."

நான் எழுதுகிறவன், சார். பதினாறு வயதிலிருந்து எழுதுகிறேன். பறக்கும் குதிரையும் பேசும் வாளும் தவிர எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. துணி தைக்கிற என் அக்கா, வாயோரம் எச்சில் காயாமல், ஒரே மூச்சில் ஒரு உலகத்தைச் சொன்னாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் நாவல்களில் வருகிற ஈர நிழல்களின் நகரம் அப்படித்தான் பிறந்தது. மெத்தைக்காரர்கள் அந்த மெட்டை வேண்டாம் என்றுவிட்டார்கள், இழவு வீடு மாதிரி இருக்கிறதாம். நான் அதை வைத்துக்கொண்டேன்.

மறுபடி வாசித்தால் மறுபடி வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் அதே ஊருக்குத்தான் போனாள். முந்தின முறை விட்ட தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு. நான் அவளைத் தொட்டதுகூட இல்லை. என் அறையில், என் கீபோர்டில், என் மெட்டை வாசித்தேன். ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்தேன், அவ்வளவுதான்.

நரம்பு டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல டாக்டர். பொறுமையாகக் கேட்டார். "சிலருக்கு ஒரு குறிப்பிட்ட இசை கேட்டா இது வரும்மா. ரொம்ப அபூர்வம்தான். வீட்ல ஏதாவது பாட்டு கேட்கும்போது வருதா?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா யோசித்தாள். நான் சொன்னேன், "அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர். இவ பாட்டே கேட்கமாட்டா."

எங்கள் வீட்டில் அது வழக்கம். வெளியாட்களிடம் பேசுவது நான்தான். சொற்கள் என் தொழில்.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். நான் அந்த மாத்திரையில் கை வைத்ததில்லை. தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல்லி நானே ஞாபகப்படுத்துவேன். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு தரம் வாசித்தால் போதவில்லை. விடாமல் வாசிக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. நான் போனபோது அவள் பேச ஆரம்பித்திருந்தாள். வாயில்லாத சுங்கக்காரன் ஒருவன், ஊருக்குள் வருகிறவர்களின் காலடிச் சத்தத்தை வரியாக வாங்கிக்கொள்கிறானாம். மூன்றாவது நாவல் படித்தவர்கள் எல்லாரும் அவனைத்தான் சொல்வார்கள். நான் முதலில் எழுதிக்கொண்டேன், பிறகு கட்டுப் போட்டேன். ரத்தம் அங்கேயேதான் இருக்கும். அவள் சொல்வது அப்படியில்லை, ஐந்து நிமிடம் போனால் அவளுக்கே மறந்துவிடும்.

புத்தகங்கள் விற்றன. பதிப்பாளர் என்னை வீட்டுக்கு வந்து பார்த்தார். ஒரு விழாவில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த ஊரெல்லாம் எங்கிருந்து சார் வருது என்று கேட்டாள். உழைப்பு என்றேன். பொய்யில்லை. நாள் முழுக்க விளம்பரக்காரர்களுக்கு வாசித்துவிட்டு, அக்காவுக்கும் வாசித்துவிட்டு, அதன்பிறகு உட்கார்ந்து எழுதுவது யாரால் முடியும்?

அப்போதுதான் லிஃப்ட்காரர் வந்தார். எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவர். சட்டை கிழிந்ததைத் தைத்துக்கொள்ள அக்காவிடம் வந்தார். அடுத்த வாரம் கிழியாத சட்டையோடு வந்தார். பிறகு சட்டையே இல்லாமல், அதாவது தைக்கச் சட்டை எதுவும் கொண்டுவராமல், வர ஆரம்பித்தார். அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவதுதான் முறை. எனக்கு வாயில் வரவில்லை.

மெஷினுக்கு எந்தச் சத்தம் ஆகாது என்று காதால் கண்டுபிடிக்கிற ஆள் அவர். ஒரு மத்தியானம் அக்காவின் அறையில் உட்கார்ந்திருந்தார். நான் கவனிக்காமல் வாசித்துவிட்டேன். அவர் போன பிறகு அக்கா என் கதவருகே வந்து நின்றாள்.

"அந்தப் பாட்டை வாசிக்காதடா. எனக்கு அது ஆகல."

"எந்தப் பாட்டுக்கா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சீக்கிரமே கல்யாணம் ஆனது. ஊரின் மறுகோடியில் வீடு பார்த்தார்கள். ஒரு துணிக்கடையில் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் ரயிலில் போய் வந்தாள். நேரில் பார்த்தபோது கன்னம் பூசினாற்போல் இருந்தது. "இப்பல்லாம் ஒண்ணுமே வரதில்லடா. நல்லாத் தூங்கறேன்" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். நான் ஐந்தாவது நாவலைப் பாதிக்கதவில் முடித்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் என் கதைகளைப் படித்ததே இல்லை. படிக்கிற பழக்கமில்லாதவள்.

பாதிக்கதவு என்று வாசகர்கள்தான் பேர் வைத்தார்கள். நகரத்தின் உச்சியில் ஒரு வீடு, பாதி திறந்த ஒரு கதவு. "பின்னால யாரோ இருக்காங்கடா. என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. தெரிஞ்ச குரல்" என்று அக்கா சொன்னதோடு நின்றுபோனது. அதற்கு மேல் அவள் போகவில்லை, கல்யாணம் செய்துகொண்டாள். கதவுக்குப் பின்னால் யார் என்று கேட்டு எனக்கு எழுதாத வாசகர் இல்லை. நானே யோசித்து ஒரு ராஜாவை உட்கார வைத்தேன். பதிப்பாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா நினைக்காதீங்க. இது நீங்க எழுதின மாதிரியே இல்லையே" என்றார்.

நான் எழுதிய ஒன்றே ஒன்று அதுதான், சார்.

அந்தச் சமயத்தில் ரயில்வேக்காரர்கள் அறிவிப்புக்கு முன்னால் ஒலிக்க ஒரு சின்ன மெட்டு கேட்டார்கள். நானாகத் தேடிப் போகவில்லை, வேலை வந்தது. சில மெட்டுகள் கொடுத்தேன். அவர்களுக்குத் துள்ளலான ஒன்று பிடித்தது. நான் நேரில் போய்ப் பேசினேன். அவசரத்தில் ஓடுகிற பயணிக்கு நிதானம் தருகிற இசைதான் வேண்டும், துள்ளினால் இன்னும் ஓடுவான் என்றேன். தலையாட்டினார்கள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாற்றிக்கொண்டு போவார்களாம். எந்த ஸ்டேஷன், எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். சொந்த வேலை முதன்முதலாக ஒலிக்கும்போது கேட்கப் போவது தப்பில்லையே.

நான் கேட்கப் போனது அக்கா வேலை முடிந்து ரயில் ஏறுகிற ஸ்டேஷன். பெண்கள் பெட்டி நிற்கிற இடத்தில் ஒரு பெஞ்சு உண்டு, அதில்தான் உட்காருவாள். உட்கார்ந்திருக்கும்போது வந்தால் ஒன்றும் ஆகாது. சொல்லுவாள், கேட்டுக்கொள்வேன், தண்ணீர் வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டுவிடுவேன். அதுதான் என் திட்டம். அதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது?

அன்றைக்குக் கடையில் கூட்டம் போலிருக்கிறது, தாமதமாக வந்தாள். அறிவிப்பு மெட்டு ஒலிக்க ஆரம்பித்தபோது அவள் மேம்பாலத்துப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். நான் கீழே நின்றேன். முதல் ஸ்வரத்திலேயே அவள் கால் நின்றது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கை காதைப் பொத்தியது, இன்னொரு கை கைப்பிடியைத் தேடியது.

கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். உண்மைதான். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆரம்பிக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் அது கலைந்துவிடும். வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அக்கா என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். கலைந்துவிடும் என்று தெரிந்துதான் கூப்பிடவில்லை. ஃபோனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். நீங்கள் கேட்ட பதிவில் அவள் உருண்டு விழுகிற சத்தத்துக்கு முன்னால் என் மூச்சுச் சத்தம் இருக்கிறது. பதட்டமாக இல்லை என்று உங்கள் அதிகாரி சொன்னாராம். அதில் பதட்டப்பட்டு என்ன ஆகப்போகிறது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். "தம்பிங்க, நான் அவங்க தம்பி" என்றேன். வழிவிட்டார்கள். தலைக்குக் கீழே ஈரமாக இருந்தது. கண் திறந்திருந்தது, உதடு அசைந்தது. குனிந்து, "கதவைத் திறந்தியாக்கா? யாரு இருந்தா?" என்று கேட்டேன். ஃபோனை அவள் வாயருகே பிடித்தேன். அவள் ஃபோனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். பல் மேல் பல் வைத்து, சின்னக் குழந்தை மருந்துக்கு மூடுகிற மாதிரி. எத்தனை தரம் கேட்டும் திறக்கவில்லை. எனக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவள், கடைசியில் ஒரு வார்த்தைக்கு அவ்வளவு கல்நெஞ்சாகிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் சாயங்காலம்வரை உயிரோடு இருந்தாள். என்னை உள்ளே விடவில்லை. கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லிஃப்ட்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் பேசினாள். நெடுநேரம், கண்ணை மூடியபடி. அவர் காதை அவள் வாயருகே வைத்துக் கேட்டார், தலையாட்டினார், அழுதார். வெளியே வந்தவரிடம், "மாமா, அக்கா என்ன சொன்னா?" என்று கேட்டேன். முதல் தடவையாக மாமா என்று கூப்பிட்டேன். அவர் நேராக நடந்து போய் உங்களுக்கு ஃபோன் செய்தார்.

நான் சொன்னது எல்லாம் உண்மை. எந்த இடத்தில் கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன், வக்கீல்கூட வேண்டாம். பதிலுக்கு ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அவர் என்னோடு பேசமாட்டார். நீங்கள் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். கதவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று அவள் சொன்னாளா? அவள் சொன்ன வார்த்தையிலேயே கேட்டு வாங்கி வாருங்கள், சார். அவர் சுருக்கிச் சொன்னால் விட்டுவிடாதீர்கள்.